பேஸ்மேக்கர் வைத்த இடம் புண் ஆறிய பிறகும் மேடாகத் தெரிகிறது, இது இயல்புதானா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. மெலிந்த உடல்வாகு, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்காமல் நின்றுபோனதால், இரண்டு கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கரை இடப்பக்கக் காறையெலும்புக்குக் கீழே வைத்தார்கள். மூன்று மாதம் ஆகப்போகிறது. தலைச்சுற்றலும் மயக்கமும் அடியோடு நின்றுவிட்டன. கருவியைச் சோதித்தவர்களும் அது நன்றாக வேலை செய்கிறது என்றே சொன்னார்கள். ஆகவே என் கேள்வி கருவியின் வேலையைப் பற்றியது அல்ல. அது வெளியே தெரியும் விதத்தைப் பற்றியது.

முதல் சில வாரங்களில் அந்த இடம் முழுவதும் வீங்கிக் கன்றியிருந்ததால் எதையும் பிரித்தறிய முடியவில்லை. வீக்கம் வற்ற வற்ற, ஒரு தீப்பெட்டியைத் தோலுக்கு அடியில் செருகி வைத்தது போல, கருவியின் வளைந்த விளிம்பு தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அம்மா கையை முன்னால் நீட்டும்போது அது இன்னும் துருத்திக்கொள்கிறது; மல்லாந்து படுத்தால் ஓரளவு அமுங்கிவிடுகிறது. கருவிக்கு மேல்புறத்தில், காறையெலும்பை நோக்கி ஒரு கயிறு ஓடுவதும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. தழும்பு ஏறத்தாழ இரண்டு அங்குல நீளத்தில் கருஞ்சிவப்பாகச் சற்றுத் தடித்திருக்கிறது.

அண்மையில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது உறவினர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சரியாக வைக்கவில்லை, அதனால்தான் வெளியே வருகிறது என்றார் ஒருவர். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவி நீவிவிட்டால் உள்ளே அமர்ந்துவிடும் என்றார் இன்னொருவர். அன்று முதல் அம்மா கழுத்து வரை மூடும் ரவிக்கையைத் தவிர வேறெதையும் அணிவதில்லை. இந்த மேடு இப்படியேதான் இருக்குமா, காலப்போக்கில் குறையுமா? எதைப் பார்த்தால் நாங்கள் கவலைப்பட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்தாமரை:

சகோதரி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கும் இடப்பக்கத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது. முதல் கருவியின் பேட்டரி தீர்ந்து, இப்போது இரண்டாவது கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் ஒல்லியான உடம்புக்காரிதான் என்பதால், உங்கள் அம்மாவின் தோளைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் என் தோளைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

ஒளிவுமறைவின்றிச் சொன்னால், மேடு மறையாது. தழும்பு மாறும், மேடு பெரிதாக மாறாது. என் தழும்பு ஏறத்தாழ ஓராண்டு வரை கருஞ்சிவப்பாகவும் தடிப்பாகவும், வியர்க்கும் நாட்களில் அரிப்பெடுப்பதாகவும் இருந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல நிறம் மங்கித் தட்டையாகி, இன்று விரலால் தேடினால்தான் அகப்படும் கோடாக நிற்கிறது. கருவியின் விளிம்போ முதலாண்டில் எப்படித் தெரிந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இன்றும் தெரிகிறது. ஒரு காய்ச்சலில் விழுந்து உடம்பு மிகவும் இளைத்தபோது இன்னும் துருத்தலாகத் தெரிந்தது. உடம்பு தேறியதும் பழைய நிலைக்கு வந்தது. மாறியதெல்லாம் மேலே இருக்கும் சதையே தவிரக் கருவி அல்ல.

உடை விஷயத்தில் அம்மா இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. நாம் முந்தானை போடுவதும் இடத்தோளில்தான் என்பதால் புடவை அந்த இடத்தைத் தானாகவே மூடிவிடுகிறது. கவனிக்க வேண்டியது வேறு. முந்தானைக்குக் குத்தும் ஊக்கை மேட்டிலிருந்து விலக்கித் தோளின் உச்சியில் குத்த வேண்டும். உள்ளாடைப் பட்டை கருவியின் விளிம்பின் மீது போகாதபடி அகலமான, மென்மையான பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு நாள் முழுவதும் ஒரே இடத்தில் பட்டை உராய்ந்தால் அங்கே தோல் கருத்துப்போகும். கனமான தோள்பையை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். பின்னாளில் மார்பக எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால், அழுத்தும் முன்பே அங்கிருப்பவரிடம் கருவி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதற்கேற்ப நிற்க வைத்து எடுப்பார்கள்.

உறவினர்களைப் பொறுத்தவரை, கேட்பவரிடம் இதுதான் என்று காட்டிவிடுவது என் வழக்கம். ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை கேட்பதில்லை.

இரவுப்பணி:

நான் இதயநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வெண்தாமரை அம்மா சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. எண்ணெய் தேய்ப்பது பற்றி யாரும் பதில் சொல்லாததால், அதிலிருந்தே தொடங்குகிறேன்: தயவுசெய்து நீவிவிட வேண்டாம், எந்த எண்ணெயானாலும் வேண்டாம். சூட்டு ஒத்தடமும் கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். கருவியைத் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, மார்புத் தசையின் மேலுறையை ஒட்டி, அதன் அளவுக்கே இடம் பிரித்து வைக்கிறார்கள். நாங்கள் அந்த இடத்தைப் பாக்கெட் என்போம். பெரும்பாலும் கருவியை ஒரு தையலால் தசையின் உறையோடு கட்டியும் வைப்பார்கள். சில வாரங்களில் உடல் தானாகவே அதைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உறை ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் கருவி உள்ளே சற்று அசையவே செய்யும். அந்த அளவு அசைவு இயல்பானது. அதைக் கையால் தொடர்ந்து தள்ளுவதோ திருகுவதோ இயல்பானது அல்ல. கருவி உள்ளேயே சுழன்று, கம்பிகள் அதன் மீது சுற்றிக்கொண்டு, இதயத்தில் பதிந்த முனை பிடுங்கிக்கொண்டு வருவது உண்டு. 1968இல் கனடாவில் மருத்துவர்கள் இதை முதலில் விவரித்து, திருகுபவரின் நோய் என்ற பொருளில் ‘ட்விட்லர் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார்கள். தன்னை அறியாமல் தடவிக்கொண்டே இருக்கும் முதியவர்களிடம் இன்றும் இதைப் பார்க்கிறோம்.

இனி மேட்டைப் பற்றி. இக்காலத்துப் பேஸ்மேக்கர் பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் எடையும், 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. உறை டைட்டானியம், கம்பிகள் வந்து நுழையும் மேல் ஓரம் மட்டும் கெட்டியான பிசினால் ஆனது. காறையெலும்புக்குக் கீழே கொழுப்பு நிறைந்த உடம்பில் இந்தத் தடிமன் அப்படியே மறைந்துபோகும். மெலிந்த உடம்பில் மறைவதற்கு இடமே இல்லை. ஆகவே விளிம்பு தெரிவதை மட்டும் வைத்துச் சரியாக வைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேல்புறம் கயிறு போலத் தட்டுப்படுவது கம்பியாகத்தான் இருக்க வேண்டும். இரத்தக்குழாய்க்குள் நுழைந்தது போக மீந்த நீளத்தைக் கருவிக்குப் பின்னாலோ பக்கத்திலோ வளையமாகச் சுற்றி வைப்பார்கள். ஒல்லியானவர்களுக்கு அந்த வளையமும் கைக்குத் தட்டுப்படும்.

எதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும் என்ற கேள்விதான் முக்கியமானது. மேடு எவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதை நாங்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதன் மீதுள்ள தோல் எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்போம். ஆரோக்கியமான தோல், கருவியின் மீது வழுக்கி நகரும். இரு விரல்களால் மென்மையாகப் பிடித்தால் மடிப்பு விழும். அது கருவியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் போனாலோ, ஒரு முனையில் மட்டும் மெலிந்து பளபளத்தாலோ, கருநீலமாக மாறினாலோ, கருவி உள்ளிருந்து தோலை அரிக்கத் தொடங்கியிருக்கலாம். நம்முடைய தோல் நிறத்தில் அழற்சியின் சிவப்பு எளிதில் தெரியாது. புத்தகத்தில் சிவந்திருக்கும் என்று எழுதியிருப்பதை நம்பிக் காத்திருக்காமல், சுற்றியுள்ள நிறத்தைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ மாறுகிறதா, புறங்கையை வைத்துப் பார்த்தால் மறுபக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வற்றிய வீக்கம் மீண்டும் தோன்றுவது, புதிதாக வலி, தழும்பில் ஊசிமுனை அளவு துளை, அதில் நீர் கசிவது, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகிய எதுவானாலும் அன்றே கருவி வைத்த மருத்துவரிடம் போக வேண்டும். இடக்கை முழுவதும் வீங்கி, தோளிலும் மார்பிலும் நரம்புகள் புடைத்துத் தெரிந்தால், கம்பி செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம்; அதையும் தள்ளிப்போடக் கூடாது.

இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். அக்கம்பக்கத்துச் சிறு மருத்துவமனையில் வீக்கத்தைப் பார்த்து, சீழா என்று அறிய ஊசியைக் குத்தி உறிஞ்சப் பார்ப்பார்கள். அதற்கு ஒருபோதும் இசையாதீர்கள். அந்த ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். பாக்கெட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டால் மாத்திரையால் தீர்வது அரிது. பெரும்பாலும் கருவியையும் கம்பிகளையும் மொத்தமாக எடுத்துவிட்டு, வேறு பக்கத்தில் புதிதாக வைக்க நேரிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

வைகை:

எனக்கு இருப்பது பேஸ்மேக்கர் அல்ல, ஐ.சி.டி. இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி. மின்தேக்கியும் பெரிய பேட்டரியும் உள்ளே இருப்பதால் எடை 70 கிராம் அளவிலும், தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றினால் எதிரில் இருப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். அம்மாவுக்குத் தெரிவது இதில் பாதிதான் என்று சொல்லுங்கள்.

கருவிகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கே ஆறுதல் கிடைத்தது. முதன்முதலில் உடலுக்குள் வைக்கப்பட்ட பேஸ்மேக்கர் 1958 அக்டோபரில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதன் உறுப்புகளைக் காலணி மெருகு டப்பாவை அச்சாகக் கொண்டு பிசினில் வார்த்திருந்தார்; அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் அதை மார்பில் அல்ல, வயிற்றுப் பகுதியில் வைத்தார். சில மணி நேரமே ஓடியது. லார்சன் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001இல் 86 வயதில்தான் இறந்தார், அதுவும் இதயக் கோளாறால் அல்ல. என் கருவியின் முன்னோடியை 1980இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக வைத்தபோது, அதுவும் மார்பில் அடங்காமல் வயிற்றில்தான் இருந்தது. அந்தக் காலத்து மேட்டைக் கற்பனை செய்து பார்த்துக்கொள்ளலாம்.

காரில் போவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் ஓட்டுநருக்கு இருக்கைப் பட்டை வலத்தோளின் மீது வருகிறது. பக்கத்தில் உட்காருபவருக்கு இடத்தோளின் மீது, அதாவது நேராகக் கருவியின் மீது வருகிறது. அதற்காகப் பட்டையை அவிழ்த்துவிடக் கூடாது. நடுவில் ஒரு சிறு துவாலையை மடித்து வைத்துக்கொண்டால் உராய்வு தெரியாது.

கடைசியாக, கருவியை மார்புத் தசைக்கு அடியில் வைக்கும் முறையும் உண்டு. வெளியே அவ்வளவாகத் தெரியாது. அம்மா இவ்வளவு மனம் வருந்துவதானால், ஒருமுறை திறந்து தசைக்கு அடியில் மாற்றித்தரும்படி கேட்டுப் பார்க்கலாமே.

இரவுப்பணி:

வைகை ஐயா சொன்ன முறை உண்மையில் இருப்பதுதான். மிக ஒல்லியானவர்களுக்கும், தோல் மெலிந்தவர்களுக்கும், இளம் பெண்களுக்கும் தொடக்கத்திலேயே தசைக்கு அடியில் வைப்பார்கள். இளம் பெண்களுக்கு அக்குள் மடிப்பின் வழியாகவோ மார்பகத்துக்குக் கீழே கீறியோ வைப்பதும் உண்டு. ஆனால் ஆறிய இடத்தைத் தோற்றத்துக்காக மட்டும் மீண்டும் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறை பாக்கெட்டைத் திறக்கும்போதும் கிருமித்தொற்றின் ஆபத்து கூடுகிறது. அதோடு தசைக்கு அடியில் வைத்தால் வலியும் இரத்தக்கசிவும் கூடுதல், பேட்டரி மாற்றும்போது மறுபடியும் தசையைப் பிரிக்க வேண்டும். பேஸ்மேக்கருக்குப் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கருவியை மாற்றும் நாள் எப்படியும் வந்துவிடும். பழைய தழும்பின் வழியாகவே திறப்பார்கள். இடமாற்றத்தைப் பற்றி அப்போது மருத்துவரிடம் பேசலாம். தோல் அரிக்கப்படும் நிலை வந்தால் மட்டும் அதற்கு முன்பே செய்வார்கள்.

தழும்பு தடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கீறிய கோட்டுக்குள்ளேயே தடித்திருந்தால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் தானே அடங்கும். புண் முழுவதும் மூடிய பிறகு சிலிகோன் ஜெல்லோ ஒட்டுத்தாளோ சில மாதங்கள் பயன்படுத்துவது உதவும். கோட்டைத் தாண்டி இருபுறமும் பரவி வளர்ந்தால் அது கெலாய்டு; மார்பும் தோளும் கெலாய்டு எளிதில் வரும் இடங்கள். தோல் மருத்துவர்கள் அதற்கு ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள் போடுவார்கள். கீழே கருவியும் கம்பியும் இருப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லி, இதய மருத்துவரும் அறிந்திருக்கச் செய்துகொள்ள வேண்டும்.

காவிரிக்கரை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்துவிட்டோம். இரவுப்பணி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். தோல் எல்லாப் பக்கமும் நகர்கிறது, சூடு இல்லை. ஆனால் கருவியின் கீழ் வெளிமூலையில், உள்ளாடைப் பட்டை போகும் இடத்தில், காசளவுக்கு நிறம் சற்றுக் கருத்திருக்கிறது. வலி இல்லை என்கிறார் அம்மா. அடுத்த மாதம் எப்படியும் கருவியைச் சோதிக்கப் போக வேண்டும்; அதுவரை பொறுக்கலாமா? இன்னொன்று, அம்மா இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கவே பயப்படுகிறார். தலை வாருவதும் வலக்கையால்தான்.

இரவுப்பணி:

பொறுக்க வேண்டாம். பெரும்பாலும் உராய்வினால் வந்த கருமையாகத்தான் இருக்கும். ஆனால் மூலையில், அதுவும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு, எழுத்தைப் படித்து என்னால் உறுதி சொல்ல முடியாது. இந்த வாரமே காட்டிவிடுங்கள். போவதற்கு முன் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருமை பரவுகிறதா, நின்றுவிட்டதா என்பதை அடுத்த முறை நினைவை நம்பிச் சொல்ல வேண்டியதில்லை.

கையைத் தூக்கக் கூடாது என்பது கம்பி முனை இதயத்தில் பதியும் வரை, அதாவது முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மட்டும்தான். மூன்று மாதத்துக்குப் பிறகும் அசைக்காமலே வைத்திருந்தால் தோள் மூட்டு இறுகிவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் விரைவாக நேரும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தலை வாருவதையே இடக்கைக்கான பயிற்சியாகத் தொடங்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கும்போது மேடு துருத்துவதைக் கண்ணாடியில் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். தசை அசையும்போது அதன் மீதிருப்பதும் சேர்ந்தே அசையும்.

வெண்தாமரை:

பட்டை போகும் இடம் என்று எழுதியிருப்பதால் இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள், மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். தோளில் பட்டையே இல்லாத பருத்தி உள்சட்டை கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும்போது அதுவே போதும். தாலிச் சங்கிலி அந்தப் பக்கம் சரிந்து விளிம்பில் உராய்கிறதா என்றும் பாருங்கள். எனக்குத் தூங்கும்போது அப்படி ஆகும் என்பதால் இரவில் சங்கிலியை வலப்பக்கம் தள்ளிவிட்டுப் படுப்பேன்.

காவிரிக்கரை:

நேற்றுப் போய் வந்தோம். மருத்துவர் தோலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெலிவு இல்லை, பட்டை உராய்ந்ததால் ஏற்பட்ட நிறமாற்றம்தான் என்றார். ஆனாலும் படங்களைத் தன் குறிப்போடு சேர்த்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அந்த மூலையை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கூடியிருப்பதால் அதைக் குறைப்பதுதான் இப்போதைக்கு முக்கியம் என்றும் சொன்னார். கையைத் தூக்கலாம் என்று அவர் வாயாலேயே கேட்ட பிறகு அம்மா இன்று இடக்கையால் தலை வாரினார். பாதியில் வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார், நாளை மறுபடியும் முயல்வதாகச் சொல்லியிருக்கிறார். கழுத்து வரை மூடும் ரவிக்கையை மட்டும் இன்னும் விடவில்லை.